பேப்பர் ஆசிரியர் நினைத்தால் வாக்கு விழுமா? யாழ்ப்பாணத்தில் இதை எப்படி அளப்பது?

தோட்டத்துக்கிணறு எழுதியது:

வணக்கம் உறவுகளே.

எங்கள் சனசமூக நிலையத்தின் வாசகர் வட்டம் மூன்று மாத ஆய்வு ஒன்றைச் செய்ய இருக்கிறது. நான்கு பேர், ஒரு மடிக்கணினி, நிலையத்துக்கு வருகிற இரண்டு பேப்பர்கள். வளம் அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் அச்சாகும் நாளிதழ் ஒன்றின் ஆசிரியருக்கு உள்ளூர் அரசியலில் உண்மையாக எவ்வளவு பிடி இருக்கிறது என்பதுதான் விடயம். "பேப்பர்காரர் எங்கட பக்கம் நிண்டால் பாதி வெற்றி" என்று தேர்தல் நேரம் எல்லாரும் சொல்கிறார்கள். தோற்றவர்களும் பேப்பரைத்தான் சாட்டுகிறார்கள். இதைச் சந்திக் கதையாக விடாமல் எண்ணிக்கையோடும் திகதியோடும் காட்ட முடியுமா?

எதை அளப்பது, ஆசிரியரின் கையையும் உரிமையாளரின் கையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, விளம்பரக் காசு விபரத்தை எங்கே எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய வரலாறும் யாராவது எழுதினால் முன்னுரைக்கு உதவும்.

---

ஒப்புநோக்கி எழுதியது:

"வாக்கு விழுமா" என்று தொடங்கினால் மூன்று மாதமும் வீணாகப் போகும். ஒருவர் ஏன் புள்ளடி போட்டார் என்பதைப் பேப்பரைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆசிரியரின் பிடி அதற்கு வெகு முன்னமே விழுந்துவிடுகிறது. நாளைக் காலை பிரதேச சபைத் தவிசாளர் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதை முதல்நாள் இரவு தீர்மானிக்கிறவர் அவர். இது திகதியோடு வருகிற விடயம், அதனால் அளக்கலாம்.

முதலில் எந்த இதழ்களைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள். தொடர்ந்து ஒரு வாரத்தை எடுத்தால் அந்த வாரத்தில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டமோ அமைச்சர் வருகையோ இருந்து கணக்கைக் கெடுத்துவிடும். முதல் வாரம் திங்களும் வியாழனும், இரண்டாம் வாரம் செவ்வாயும் வெள்ளியும், அடுத்தது புதனும் சனியும் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டு போங்கள். ஏழு வாரத்தில் 14 இதழ் சேரும், திங்கள் முதல் ஞாயிறு வரை ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை வந்திருக்கும். இரண்டு பேப்பருக்கும் 28 இதழ். நாலு பேருக்கு இது தாங்கும்.

பிறகு அடிமட்டத்தை எடுங்கள். செய்தி எத்தனை கொலம் அகலம், எத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். மூன்று கொலம், 12 சென்ரிமீற்றர் என்றால் 36. தலைப்பையும் படத்தையும் சேர்த்தே அளவுங்கள். நிலையத்து மேசையில் பேப்பரை விரித்துவிட்டு நாலு பேர் நின்றபடி பார்க்கும்போது கண்ணில் விழுவது அவைதான். முன்பக்கத்து மேல் பாதி, கீழ்ப் பாதி, கடைசிப் பக்கம், உட்பக்கம் என நாலு இடக் குறி போதும். "முன்பக்கம் என்றால் ஐந்தால் பெருக்கு" என்று புள்ளி போடப் போகாதீர்கள். அந்த ஐந்து உங்கள் ஊகம், கடைசியில் வருகிற விடையும் ஊகமாகத்தான் இருக்கும். பேப்பருக்குப் பேப்பர் கொலம் அகலம் வேறு. அதனால் ஒப்பிடும்போது அந்தந்தப் பேப்பரின் மொத்தச் செய்திப் பரப்பில் எத்தனை வீதம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பரப்பு மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தலைப்பின் கடைசிச் சொல்லைத் தனியாக எழுதிவையுங்கள். ஒரே கூட்டம், ஒரே பேச்சு, "தவிசாளர் விளக்கம்" என்றும் வரலாம், "தவிசாளர் சமாளிப்பு" என்றும் வரலாம். உறுதி, வலியுறுத்து, சாடல், மழுப்பல், கைவிரிப்பு: இந்தச் சொற்களை நிருபர் அனுப்புவது குறைவு, ஆசிரியபீடத்தில்தான் ஏறும். உதாரணத்துக்கு, "உள்வீதி திருத்தம் விரைவில்: தவிசாளர் உறுதி" என்பதும் "மூன்றாவது தடவையும் 'விரைவில்' என்கிறார் தவிசாளர்" என்பதும் ஒரே தகவல். இரண்டாவது தலைப்பைப் போடுகிறவர் பழைய இரண்டு செய்தியையும் நினைவில் வைத்திருக்கிறார், வாசகருக்கும் நினைவூட்டுகிறார்.

சார்பா, எதிரா, நடுநிலையா என்று குறிக்கும்போது இரண்டு பேர் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் குறிக்க வேண்டும். முதலில் 20 செய்தியில் பரீட்சித்துப் பாருங்கள். 16 செய்திக்காவது இரண்டு பேரும் ஒரே குறி போடவில்லை என்றால் பிழை ஆட்களில் இல்லை, விதியில். விதியைத் திருத்தி எழுதிவிட்டு வேறு 20 செய்தியோடு திரும்பத் தொடங்குங்கள்.

இனி முக்கியமான அட்டவணை. ஒவ்வொரு உள்ளூர்ப் பிரச்சினைக்கும் நாலு திகதி: முதல் செய்தி வந்த நாள், சபையில் பிரேரணையாகவோ கேள்வியாகவோ வந்த நாள், அதிகாரி பதில் சொன்ன நாள், பேப்பர் மறுபடி அதைத் தொட்ட நாள். வடிகால் அடைப்பு, சந்தைக் கழிவு, கிணற்றில் எண்ணெய் என்று எதுவாகவும் இருக்கலாம். முதல் செய்தியை யாரும் போடலாம். ஆசிரியரின் பலம் தெரிவது மூன்றாவது, நாலாவது தொடர்செய்தியில். சுன்னாகத்துக் கிணறுகளின் எண்ணெய்ப் பிரச்சினை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. மின் உற்பத்தி நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று முடிந்தது. அப்படி வருடக்கணக்கில் இழுபடுகிற விடயத்தை எந்தப் பேப்பர் எத்தனை நாள் இடைவெளியில் தொட்டது என்று பார்த்தாலே ஆசிரியரின் மனது தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உறுப்பினர் தான் கொண்டுவரப் போகும் பிரேரணையை முதலே நிருபரிடம் கொடுத்துவிடுவார். செய்தி முதலில் வரும், பிரேரணை பின்னால் வரும், பேப்பர்தான் சபையை ஆட்டியது போலத் தெரியும். முதல் செய்தியிலேயே அந்த உறுப்பினரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஆசிரியரின் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வராத செய்தியையும் எண்ண வேண்டும். சபைக் கூட்ட அறிக்கையை எடுத்து, அதில் உள்ள விடயங்களில் எவை பேப்பரில் வரவில்லை என்று குறியுங்கள். கூட்ட அறிக்கை அடுத்த கூட்டத்தில்தான் உறுதிப்படுத்தப்படும், ஆகவே ஒரு மாதம் பிந்தித்தான் கைக்கு வரும். ஆய்வின் கடைசி மாதத்துக்கு அறிக்கை கிடைக்காது என்று இப்போதே திட்டமிடுங்கள்.

---

கடைசிப்பக்கம் எழுதியது:

ஒப்புநோக்கி செய்திப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் மரண அறிவித்தல் பக்கத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துப் பேப்பர் ஆசிரியர் ஒரு அரசியல்வாதிக்கு எவ்வளவு தூரம் முகம் கொடுக்கலாம் என்பதை இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு விளங்கிக்கொள்ள முடியாது.

"கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்குகிற ஒவ்வொரு அறிவித்தலுக்கும் ஒரு குடும்பம் காசு கட்டியிருக்கிறது. அதன்பின் நன்றி நவிலல், 31ஆம் நாள் நினைவஞ்சலி, ஆண்டுத் திவசம். இந்த வருமானம் ஆயிரம் வீடுகளிலிருந்து சில்லறையாக வருகிறது, எந்த அமைச்சராலும் நிறுத்த முடியாது. செத்தவீடு தெரிய வேண்டும் என்பதற்காகவே பேப்பர் எடுக்கிற வீடுகள் எத்தனையோ. மரண அறிவித்தல் குறைந்து அரசு, கட்சி, வங்கி விளம்பரம் கூடினால் ஆசிரியரின் முதுகெலும்பு எங்கே வளையும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே அதே 28 இதழிலும் விளம்பரப் பரப்பை நாலாகப் பிரித்து அளவுங்கள்: மரணமும் நினைவும், அரச நிறுவனம், தனியார் வியாபாரம், கட்சியும் வேட்பாளரும்.

"கண்ணீர் அஞ்சலி"களை மட்டும் வேறாக வையுங்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் போடுவது அது. ஆலய பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், கூட்டுறவுச் சங்கம், கட்சிக் கிளை. ஒரு வட்டார அரசியல்வாதியின் தகப்பனார் காலமான நாளில் யார் யார் அஞ்சலி போட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதினால், அவர் எந்த அமைப்புகளின் தோளில் நிற்கிறார் என்ற படம் கிடைக்கும். ஆசிரியர்மார் இந்தப் பக்கத்தை அப்படித்தான் வாசிப்பார்கள்.

அரச விளம்பரக் காசுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, 13 பிரதேச சபை என 17 சபைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் எழுதாமல் உங்கள் பகுதியில் இரண்டைத் தெரிவுசெய்யுங்கள். தகவல் அலுவலருக்கு ஒரே பந்தியில் எழுதுங்கள்: இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை பத்திரிகைகளில் பிரசுரித்த அறிவித்தல்கள், ஒவ்வொன்றின் திகதி, பத்திரிகையின் பெயர், விடயம், செலுத்திய தொகை. "ஏன் இந்தப் பேப்பருக்கு அதிகம் கொடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள். அது கருத்துக் கேட்பது, தகவல் அல்ல, அதைச் சாட்டியே திருப்பி அனுப்புவார்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வெளியே வரவும் வேண்டாம். கூடியது 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். உங்களுக்கு இருப்பது மூன்று மாதம், ஆகவே விண்ணப்பம் முதல் கிழமையே போக வேண்டும்.

கிடைத்த கணக்கில் இரண்டு இடத்தில் வழுக்கலாம். காசு கொடுத்த திகதியும் விளம்பரம் வந்த திகதியும் மாதக்கணக்கில் விலகி நிற்கும். சந்தைக் குத்தகைக்குக் கேள்விப்பத்திரம் கோருவது வருட முடிவை ஒட்டித்தான், ஆகவே பெப்ரவரியில் விளம்பரம் குறைந்ததை "விமர்சித்ததற்குத் தண்டனை" என்று எழுதிவிடாதீர்கள். போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வேட்பாளர் விளம்பரத்துக்கு வேறு வழி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் செலவறிக்கை கொடுக்க வேண்டும். பேப்பரில் நீங்கள் அளந்த விளம்பரப் பரப்பை அந்த அறிக்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

பழஞ்சுவடி எழுதியது:

முன்னுரைக்கு வரலாறு கேட்டிருந்தீர்கள். பேப்பர் வென்ற கதையை மட்டும் எடுத்தால் ஆய்வு ஒருபக்கமாகச் சாயும். வென்றதையும் தோற்றதையும் தருகிறேன்.

அச்சில் பொதுவிவாதம் இங்கே 1841இல் அமெரிக்க மிஷனின் உதயதாரகையோடு தொடங்குகிறது. 1889இல் சைவ பரிபாலன சபையின் இந்து சாதனம் வருகிறது. இரண்டுக்கும் பின்னால் பள்ளிக்கூடங்கள் இருந்தன, பேப்பர் ஆசிரியரின் சொல் வகுப்பறை வழியாக வீட்டுக்குப் போனது. இந்த மரபு நெடுங்காலம் விடவில்லை. யாழ் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த ந. சபாரத்தினம் பின்னர் ஈழநாடு நாளிதழின் ஆசிரியரானார். கச்சேரியிலும் (அரச செயலகம்) நீதிமன்றத்திலும் தன் மாணவர்கள் இருக்கிற ஒருவர் தலையங்கம் எழுதினால் அதற்கு இருக்கிற எடை வேறு. உங்கள் ஆய்வில் ஆசிரியர் எந்தப் பள்ளிக்கூடத்தோடு, எந்த ஆலயத்தோடு, எந்தச் சங்கத்தோடு தொடர்புடையவர் என்று ஒரு பந்தி கட்டாயம் இருக்க வேண்டும்.

சிறிய ஊரிலிருந்து வந்த ஆசிரியருக்கு நல்ல உதாரணம் குரும்பசிட்டி நா. பொன்னையா. 1930இல் ஈழகேசரியைத் தொடங்கினார். அதற்கு அடுத்த வருடம், 1931 மே 4, டொனமூர் அரசியலமைப்பின் கீழ் முதல் வேட்புமனு நாள். குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கும் ஒருவர்கூட மனுக் கொடுக்கவில்லை. இதை எந்தப் பேப்பரின் கணக்கிலும் எழுதிவிட வேண்டாம். அந்தப் பகிஷ்கரிப்பின் பின்னால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் வருடக்கணக்காக மாநாடு கூட்டிக் கட்டிய அமைப்பு இருந்தது. 1934இல் இடைத்தேர்தல் நடந்து நான்கு ஆசனமும் நிரம்பின. அமைப்பின் இறுக்கம் தளர்ந்த பிறகு எந்தத் தலையங்கமும் பகிஷ்கரிப்பைத் தூக்கிப்பிடிக்கவில்லை.

பேப்பரின் செல்வாக்கை அதன் எதிரிகள் எப்படி மதித்தார்கள் என்றும் பாருங்கள். 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு மூன்று நாள் முன்னர் யாழ் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பணிமனையும் அச்சகமும் எரிக்கப்பட்டன. 2000 ஒக்ரோபர் 10 பொதுத் தேர்தல். அதில் நடந்த முறைகேடுகளை வெளியே சொன்ன செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் அந்த மாதம் 19ஆம் திகதி ஊரடங்கு வேளையில் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2, உதயன் நாளிதழின் பணிமனைக்குள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். செல்வாக்கு இல்லாத இடத்தில் யாரும் துவக்கோடு போவதில்லை.

ஆனால் உங்கள் ஆய்வுக்கு நேரே பயன்படுவது 2013 செப்ரெம்பர் 21. வட மாகாண சபைத் தேர்தல். வாக்களிப்பு நாளில் உதயனைப் போலவே அச்சிட்ட போலிப் பேப்பர் ஒன்று வீடுகளுக்குப் போனது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரச தரப்புக்கு மாறிவிட்டார் என்று அதில் செய்தி. துண்டுப்பிரசுரமாகப் போட்டால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அதை அச்சடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் பேப்பரின் பெயரையே கடன் வாங்க வேண்டி வந்தது. முடிவு? அனந்திக்கு 87,870 விருப்பு வாக்குகள் (கட்சிக்குள் பிடித்த வேட்பாளருக்குப் போடுகிற வாக்கு). 132,255 எடுத்த முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரனுக்கு அடுத்த இடம். கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம். பேப்பரின் பெயருக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் சனம் ஏற்கனவே எடுத்த முடிவை ஒரு காலைச் செய்தியால் திருப்ப முடியாது. இரண்டும் ஒரே நாளில் தெரிந்தது.

உரிமையாளரையும் ஆசிரியரையும் பிரிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உதயனின் நிறுவுநர் ஈ. சரவணபவன் 2010இலும் 2015இலும் யாழ் மாவட்டத்தில் வென்று பாராளுமன்றம் போனார், 2020இல் வெல்லவில்லை. மூன்று தடவையும் பேப்பர் இருந்தது. ஆகவே பேப்பர் வைத்திருப்பதும் வெல்வதும் ஒன்றல்ல. விருப்பு வாக்கில் மூன்று பேருக்குப் புள்ளடி போடலாம், முதல் இரண்டு பேரையும் தெரிந்து வைத்திருக்கிற வாக்காளர் மூன்றாவது பெயரைத் தேடுகிறார். பேப்பரில் அடிக்கடி கண்ட பெயர் உதவுவது அந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

நடைமுறையில் பிரித்துப் பார்க்க ஒரு வழி: உரிமையாளர் மாறாமல் பிரதம ஆசிரியர் மட்டும் மாறிய ஒரு காலத்தைப் பிடியுங்கள். முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் ஒப்பிடுங்கள். தொடர்செய்தியின் தெரிவு மாறினால் அது ஆசிரியரின் கை. கட்சிச் சார்பு அப்படியே இருந்தால் அது உரிமையாளரின் கை. அச்சிட்டு வெளியிடுபவர் யார் என்பது கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், மாற்றம் நடந்ததா என்று அதையும் பாருங்கள். பழைய இதழ்களில் ஒரு பகுதி 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் உண்டு. அங்கே இல்லாததற்குக் கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகம்.

---

தோட்டத்துக்கிணறு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போனது. வைத்தியர் அர்ச்சுனா சுயேச்சைக் குழுவாக ஒன்றை எடுத்தார். அவரைச் சனத்துக்குத் தெரிந்தது பேஸ்புக் நேரலையால். பேப்பர் ஆசிரியரை மட்டும் அளந்து என்ன பயன் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்கிறார்.

---

ஒப்புநோக்கி எழுதியது:

நியாயமான கேள்வி. நாலு திகதி அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு நிரலைச் சேருங்கள்: அந்த விடயம் முதலில் நேரலையில், யூடியூப்பில், பேஸ்புக்கில் வந்த நாள். அர்ச்சுனாவின் பெயர் அடிபட்ட சாவகச்சேரி வைத்தியசாலை விவகாரத்தை 2024 ஜூலையிலிருந்து அப்படிப் போட்டுப் பார்த்தால் பேப்பர் முன்னால் போனதா, பின்னால் இழுபட்டதா என்று தெரிந்துவிடும். மாவட்டம் தழுவிய தேர்தலில் ஆசிரியரின் பிடி தளர்ந்துவிட்டது என்றுதான் நானும் நினைக்கிறேன். வட்டாரத்தில் அப்படியில்லை. உள்ளூராட்சியில் 60 வீதம் வட்டாரத்தில் நேரே தெரிவாகிறது, சில பத்து வாக்குகளில் முடிகிற வட்டாரங்கள் உண்டு. அங்கே உள்வீதி பற்றி எழுத யூடியூப்காரர் வருவது குறைவு, பிரதேச நிருபர் வருவார். ஆய்வை வட்டார அளவில் வைத்திருங்கள்.

வேலை தொடங்க முன் ஒன்று. இணையத்தில் வருகிற மின்பேப்பரை வைத்து அளக்காதீர்கள், திரையில் சென்ரிமீற்றர் பிழைக்கும். கைபேசியில் படம் எடுத்தால் திகதி தெரிகிற பக்கத் தலைப்பும் அடிமட்டமும் படத்துக்குள் இருக்க வேண்டும். நிலையத்துப் பேப்பரை எடுத்து வைத்துவிடவும் வேண்டாம், பின்னேரம் வாசிக்க வருகிறவர்கள் தேடுவார்கள். இரவு மூடும்போது அளந்தால் போதும்.

---

கடைசிப்பக்கம் எழுதியது:

மூடும்போது கடைசித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். மரண அறிவித்தல் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த இதழுக்கு மட்டும் பக்கத்து நிலையத்தில் முதலே சொல்லி வையுங்கள்.